திரையில் பாடம், தெருவில் ஸ்டூடியோ: காஞ்சியிலிருந்து எம்.ஆர்க்.

காஞ்சிபுரத்தை விட்டு நகராமல், வீட்டிலிருந்தே இணையவழியில் எம்.ஆர்க். படிக்க முடியுமா? இந்தியப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான் வேண்டும் என்றால் முடியாது. இதைக் கடைசிப் பக்கம் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான யூ.ஜி.சி.யின் 2020-ம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் கீழ், இந்த வழிகளில் நடத்தக் கூடாத படிப்புகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியம், மருந்தியல் ஆகியவற்றோடு கட்டிடக்கலையும் அதில் உண்டு. இளநிலை, முதுநிலை என்ற பேதம் கிடையாது. யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் இந்தப் பட்டியலும், அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களின் பெயர்களும் இருக்கின்றன. கல்லூரிக்காரர் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

விளம்பரங்களில் ஒரு சாமர்த்தியம் நடக்கிறது. இணையவழியில் பெற்ற பட்டமும் கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டமும் சமம் என்று யூ.ஜி.சி. 2022 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அது உண்மைதான். ஆனால் அனுமதிக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டும்தான் அது செல்லும். அந்த அறிவிப்பைக் காட்டி, கட்டிடக்கலைக்கும் அது பொருந்தும் என்று யாராவது பேசினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இன்னொரு வகையும் உண்டு. பத்து மாதம் கணினியில் பி.ஐ.எம். (கட்டிடத் தகவல் மாதிரி) மென்பொருள் சொல்லிக்கொடுத்துவிட்டு ‘மாஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். 1956-ம் ஆண்டு யூ.ஜி.சி. சட்டத்தின் 22-ம் பிரிவுப்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. அந்தப் பத்து மாதப் பயிற்சி வேலைக்கு உதவலாம், நல்ல சம்பளமும் வாங்கித் தரலாம். பட்டமாக அது ஆகாது.

அப்படியானால் இந்த அத்தியாயம் எதற்கு? இணையவழியில் கட்டிடக்கலை படிப்பதற்கு வெளிநாட்டில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. உள்ளூரிலும், பட்டம் வேறு வழியில், பாடம் இணைய வழியில் என்று பிரித்துப் படிக்க இடமிருக்கிறது. இரண்டுக்கும் காஞ்சிபுரம் ஒரு தடை என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் தறி ஓடுகிறது, அப்பாவுக்கு முன்போல் முடியவில்லை, சென்னையில் அறை எடுத்துத் தங்கக் கட்டாது என்ற நிலையில் இருப்பவருக்கு ஊர் ஒரு சுமையாகத் தோன்றுவது இயல்பு. நான் அப்படி நினைக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டம் எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பதிவுக்கு அடிப்படை, அங்கீகாரம் பெற்ற 5 ஆண்டு பி.ஆர்க். பட்டம். எம்.ஆர்க். அதற்கு மேல் ஏறும் படி. பி.ஆர்க். இல்லாதவர் எங்கிருந்தோ ஒரு எம்.ஆர்க். வாங்கிவந்து அதை மட்டும் காட்டிப் பதிவு கேட்டால் நடக்காது. ஆகவே பிளஸ் டூ முடித்த பிள்ளைக்காக இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோர், நேட்டா அல்லது ஜே.இ.இ. இரண்டாம் தாள் பற்றிய அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். உங்களுக்கு இணையவழி என்ற கேள்வியே இப்போது எழவில்லை.

பி.இ. சிவில் படித்துவிட்டு ஊரில் வீட்டுப் பிளான் போட்டுக்கொண்டிருப்பவரின் நிலை வேறு. ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37-ம் பிரிவு அந்தப் பெயரைப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது, வடிவமைக்கும் வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-ன்படி, பதிவு பெற்ற பொறியாளர்களும் வரைபடத்தில் கையெழுத்திடுகிறார்கள். போதாக்குறைக்கு, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வந்துவிட்டது. காஞ்சிபுரம் மாநகராட்சி எல்லைக்குள் வீடு கட்டுகிற வாடிக்கையாளர், உங்கள் பெயருக்குப் பின்னால் எம்.ஆர்க். இருக்கிறதா என்று பார்த்துச் சதுர அடிக்குக் கூடுதலாகத் தரப்போவதில்லை. உள்ளூர்த் தொழிலை வளர்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், அந்தப் பணத்தை நல்ல அளவைக் கருவிகளிலும் ஓர் உதவியாளர் மீதும் போடுவது புத்திசாலித்தனம்.

கல்லூரியில் கற்பிக்க ஆசைப்படுபவருக்கு எம்.ஆர்க். கட்டாயம் தேவைப்படும். அது இங்கே அங்கீகாரம் உள்ள, நேரில் படித்த எம்.ஆர்க். ஆக இருப்பதே நல்லது. வெளிநாட்டு இணையவழிப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போவது பெரிய சூதாட்டம். அப்படியே போவதென்றாலும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடமும் கவுன்சிலிடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கட்டணம் கட்டுங்கள். தொலைபேசியில் ‘ஒண்ணும் பிரச்சினை வராதுங்க’ என்று ஒருவர் சொன்னது நாளைக்குச் செல்லாது.

மீதமிருப்பவர்கள் இரண்டு வகை: வெளிநாட்டில் தொழில் செய்ய நினைப்பவர்கள், ஒரு துறையை ஆழமாகக் கற்க நினைப்பவர்கள். இனி எழுதுவதெல்லாம் இவர்களுக்காக.

அந்தப் பக்கத்துக் கதவுகள்

அமெரிக்காவில் கட்டிடக்கலைப் பட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு நாப். அதன் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். படிப்பை முழுவதுமோ பெரும்பகுதியோ இணையவழியில் நடத்திவரும் நிறுவனங்களில் சான்ஃபிரான்சிஸ்கோவின் அகாடமி ஆஃப் ஆர்ட் பல்கலைக்கழகம், மிச்சிகனில் உள்ள லாரன்ஸ் டெக்னலாஜிக்கல் பல்கலைக்கழகம், பாஸ்டன் ஆர்க்கிடெக்சுரல் காலேஜ் ஆகியவை சேரும். பாஸ்டனில் ஒரு நிபந்தனை: செமஸ்டருக்கு ஒருமுறை சில நாட்கள் நேரில் போய் ஜூரியில், அதாவது மதிப்பீட்டுக் குழுவின் முன், நிற்க வேண்டும். விமானச் செலவு, விசா, அங்கே தங்கும் செலவு எல்லாவற்றையும் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்த பிறகுதான் அது மலிவா இல்லையா என்று தெரியும். அங்கீகாரம் காலவரையறை உள்ளது, அவ்வப்போது மறுபரிசீலனைக்கு வரும். சேருகிற வருடத்தில் நாப் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

பாஸ்டன் கல்லூரியின் பூர்வகதை நம் ஊர்க்காரருக்குப் பிடிக்கும். 1889-ல் அது ஒரு மன்றமாகத் தொடங்கியது. பகலில் அலுவலகங்களில் வரைவாளர்களாக வேலை பார்த்தவர்கள் மாலையில் கூடிக் கற்றார்கள். வேலையும் படிப்பும் ஒன்றுக்கொன்று தடையல்ல என்ற அந்த எண்ணம்தான் இன்றைக்கு இணையத்துக்கு மாறியிருக்கிறது. கனடாவிலும் 1978-ல் இப்படி ஒரு ஏற்பாடு தொடங்கியது. அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான சிலபஸ் திட்டம் அது. அதன் பாடங்களைப் பின்னர் அத்தபாஸ்கா பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தத் தொடங்கியது. நம் பக்கத்தில் ஸ்தபதி வீட்டுப் பிள்ளை உளி பிடித்துக்கொண்டே கணக்குக் கற்றதும் இதே வழிதான். 1957-ல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுக் கட்டிடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி அந்தக் குலவித்தையைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். மரபுக் கட்டிடக்கலையில்தான் நாட்டம் என்றால், காஞ்சியிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியை விட்டுவிட்டு இணையத்தில் வாஸ்து சான்றிதழ் வாங்குவது எனக்குப் புரியாத காரியம்.

நாப் அங்கீகாரம் பெற்ற பட்டம் கையில் இருந்தாலே அமெரிக்காவில் கையெழுத்து உரிமை வந்துவிடாது. 3,740 மணி நேர வேலை அனுபவமும், ஆறு பகுதிகள் கொண்ட உரிமத் தேர்வும் பாக்கி இருக்கும். அந்த அனுபவத்தில் ஏறக்குறைய பாதியாவது அங்கே உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். காஞ்சியில் உட்கார்ந்து படிப்பை முடிக்கலாம், தொழிலுக்கு ஒருநாள் விமானம் ஏறித்தான் ஆகவேண்டும். பட்டத்தோடு வேலை விசாவும் சேர்ந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நேரில் போய்ப் படித்தவருக்குக் கிடைக்கும் மாணவர் விசா சலுகைகள் இணையவழி மாணவருக்கு இல்லை.

ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாக ஸ்பெயினிலிருந்து, பி.ஐ.எம்., பாராமெட்ரிக் டிசைன் போன்றவற்றில் நிறைய இணையவழி மாஸ்டர் படிப்புகள் விற்பனைக்கு வருகின்றன. ஸ்பெயினில் அரசு அங்கீகாரம் பெற்ற மாஸ்டர் ஒன்று, பல்கலைக்கழகம் தன் பெயரில் தானே கொடுக்கும் மாஸ்டர் இன்னொன்று என்று இரண்டு வகை. இரண்டாவது வகையை வைத்து மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ போனால் சிக்கல். ‘உங்களுடையது எந்த வகை?’ என்று மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி கேளுங்கள். நல்ல நிறுவனம் நேரடியாகப் பதில் சொல்லும்.

பாடம் ஒரு வழி, பட்டம் ஒரு வழி

என்னைக் கேட்டால், காஞ்சியில் வேர் உள்ள பெரும்பாலான பி.ஆர்க். பட்டதாரிகளுக்குப் பொருத்தமான வழி இதுதான்: ஓரிரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே இணையத்தில் பாடங்களைப் படித்து, கேட் தேர்வுக்கும் தயாராகி, ஊரை வைத்தே ஒரு போர்ட்ஃபோலியோ சேர்த்து, அதன் பிறகு இரண்டு வருடம் நேரில் போய்ப் படிப்பது.

2003-ல் ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017-ல் வந்த ஸ்வயம் ஆகிய இரண்டிலும் கட்டிடக்கலைப் பாடங்கள் ஏராளம். நிலைத்த கட்டிடக்கலை, நகரத் திட்டமிடல், கட்டிட மரபுப் பாதுகாப்பு, கட்டுமானப் பொருள் என்று தேடினால் கிடைக்கும். பார்ப்பதற்குக் காசு இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குவதற்கு மட்டும் கட்டணம், தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஸ்வயம் பற்றிய 2021-ம் ஆண்டு விதிகளின்படி, ஒரு செமஸ்டரின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்த மதிப்பீட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளலாம். ‘ஏற்கலாம்’ என்றுதான் விதி சொல்கிறது, ‘ஏற்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. சேரப்போகும் கல்லூரியில் விசாரித்துக்கொண்டு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எட்எக்ஸ் தளத்தில் எம்.ஐ.டி.யின் உலகக் கட்டிடக்கலை வரலாறு, ஹார்வர்டின் கட்டிடக்கலைக் கற்பனை பற்றிய பாடம் ஆகியவை வெளிவந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு கட்டிடத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று பழக இவை நல்ல உதவி. தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்தவர்கள் ஜூரியில் தடுமாறுவது பெரும்பாலும் வடிவமைப்பில் அல்ல, பேச்சில்தான்.

நேரில் படிக்கும் கதவுகள்: கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, திருச்சி என்.ஐ.டி., விஜயவாடா, போபால், டெல்லியில் உள்ள எஸ்.பி.ஏ.க்கள் (திட்டமிடல் மற்றும் கட்டிடக்கலைப் பள்ளிகள்). தமிழ்நாட்டு எம்.ஆர்க். இடங்களுக்கு 2023 முதல் சீட்டா நுழைவுத் தேர்வு. மத்திய நிறுவனங்களுக்கு கேட் தேர்வில் கட்டிடக்கலை மற்றும் திட்டமிடல் தாள். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட் வழியாக என்.ஐ.டி.யிலோ எஸ்.பி.ஏ.விலோ சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வீட்டில் ‘சம்பாதிக்கிற பிள்ளை மறுபடி படிக்கப் போகுதா?’ என்று முனகுபவர்களிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள், பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். பி.இ. சிவில் படித்தவர் எம்.ஆர்க்.கில் சேர முடியாது, ஆனால் எம்.பிளான் படிப்பில் இடமுண்டு.

ஊரே ஸ்டூடியோ

கட்டிடக்கலைப் படிப்பின் உயிர் ஸ்டூடியோ. நாற்பது பேர் ஒரே கூடத்தில் இரவு பகலாக வரைந்து, பக்கத்து மேசைக்காரர் செய்வதை எட்டிப் பார்த்து, ஆசிரியர் போகிற போக்கில் பென்சிலால் கிறுக்கிவிட்டுப் போனதிலிருந்து கற்பது அது. கொரோனா வருடங்களில் எல்லாக் கல்லூரிகளும் திரைக்குப் போனபோது, விரிவுரை பிழைத்துக்கொண்டது, ஸ்டூடியோதான் அடிவாங்கியது. இணையவழியில் படிப்பவர் இந்தக் குறையைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்குக் காஞ்சிபுரத்தைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியாது.

முதலில் கோயில்கள். ராஜசிம்மன் காலத்துக் கைலாசநாதர் கோயிலும், நந்திவர்மப் பல்லவன் எழுப்பிய வைகுண்டப் பெருமாள் கோயிலும் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் மூன்று தளங்களில் மூன்று கருவறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்து அந்தக் கட்டமைப்பைப் புரிந்துகொள்ளவே முடியாது, குறுக்குவெட்டு வரைந்தால்தான் பிடிபடும். செக்‌ஷன் வரைவது எதற்கு என்று பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை இந்தக் கோயில் ஒரே படத்தில் சொல்லிவிடும். அலெக்சாண்டர் ரீ 1909-ல் வெளியிட்ட பல்லவர் கட்டிடக்கலை பற்றிய நூலில் இந்தக் கோயில்களின் அளவு வரைபடங்கள் இருக்கின்றன. இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கும். வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் உள்ள பல்லவர் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றி சி. மீனாட்சி எழுதிய ஆய்வு 1941-ல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. ரீயின் படத்தை அச்செடுத்துக்கொண்டு போய், எதிரில் நின்று நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள். அவர் எதை விட்டிருக்கிறார், எதை நேராக்கியிருக்கிறார் என்று கண் தேட ஆரம்பித்தால், அதுவே ஒரு செமஸ்டர் பாடம்.

இரண்டு கோயில்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் கேமரா வைத்துப் படம் எடுக்கலாம், முக்காலி வைக்க அனுமதி வேண்டும். ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் போன்ற கோயில்களில் அளவெடுக்க அறநிலையத் துறையின் செயல் அலுவலரிடம் கடிதம் கொடுங்கள். கல்லூரித் தலைப்பில் கடிதம் இருந்தால் வேலை எளிதாகும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவரும் தன் வழிகாட்டியிடம் இதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். விழா நாட்களில் போகாதீர்கள். கருட சேவை அன்று டேப்பை விரித்தால் அர்ச்சகர் மட்டுமல்ல, ஊரே திட்டும்.

தீசிஸ் எழுதுபவர்கள் மறக்கக் கூடாத சட்டம் ஒன்று உண்டு. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் இது. கைலாசநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பண்பாட்டு மையத்தை வடிவமைத்துக் கொண்டுபோனால், இந்தச் சட்டம் தெரிந்த ஒரே ஒரு ஆள் ஜூரியில் இருந்தாலும் போதும், தீசிஸ் அங்கேயே உட்கார்ந்துவிடும். மனையைத் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே வரைபடத்தில் அந்த இரண்டு வளையங்களையும் வரைந்துவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன்: தீசிஸுக்குக் கோயிலை எடுக்காதீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேராசிரியர் காஞ்சிபுரம் என்றதும் கோபுரத்தைத்தான் எதிர்பார்ப்பார். கோபுரத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்து செக்‌ஷன் வரையுங்கள். அதை வரைந்தவர்கள் குறைவு.

அந்த வீடு ஒரு தொழிற்கூடமும் கூட. ஒடுங்கிய முகப்பு, நீளமான உடல், இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். கூடத்தில் குழித்தறி. நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். ஆகவே தரைக்குக் கீழேயும் உங்கள் வரைபடம் இறங்க வேண்டும். மேலே ஜக்கார்டு பெட்டி. அதற்கு உயரம் வேண்டும். ஓட்டுக்கூரையில் அந்த உயரம் இயல்பாக இருந்தது. ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் போட்ட வீடுகளில் ஜக்கார்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கோர்வைச் சேலை நெய்யும்போது கரைக்கான நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்காருவார். தறியின் ஓரத்தில் அவருக்கான இடம் எவ்வளவு? ஊடையில் ஓர் இழை விட்டுப்போனால் கண்ணில் படும் அளவுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? தெரு ஜன்னலா, கூரைக் கண்ணாடியா, டியூப் லைட்டா? ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் நீர் ஊறினால் எத்தனை நாள் தறி நிற்கிறது? மின்விசிறியை ஏன் தறிக்கு நேராக வைப்பதில்லை? இப்படி ஒவ்வொரு கேள்வியும் ஒரு வடிவமைப்புப் பிரச்சினை. தெருவும் இதில் சேரும். விடியற்காலையில் பாவு விரித்து இழை சரிபார்க்கும் தெருவில் இப்போது எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணினால், நகர வடிவமைப்புப் பாடத்துக்கும் உங்களிடம் கட்டுரை தயார். 1914-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து நகரத் திட்டமிடுநர் பேட்ரிக் கெடஸ் காஞ்சியின் நகர அமைப்பைப் பார்த்து வியந்து எழுதினார். அவர் வியந்த தெருவமைப்பில் இன்றைக்கு எது மிச்சம் என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் பாரம்பரிய நகரங்களுக்கான ஹிருதய் திட்டத்தில் காஞ்சி உட்பட 12 நகரங்கள் இருந்தன. அதற்காகத் தயாரித்த ஆவணங்களையும் தேடிப் பாருங்கள்.

வீட்டுக்குள் போகும் முறை முக்கியம். ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு மட்டும் வாருங்கள். டேப்பை இரண்டாவது தடவை எடுங்கள். ‘அண்ணே, தறி நிக்கிற நேரத்துல வந்து அளந்துக்கறேன், எப்ப வரலாம்?’ என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. தறி ஓடும் நேரத்தில் நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலி. செருப்பை வெளியே விடுங்கள். பாவைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். டிசைனைப் படம் எடுக்கும் முன் கட்டாயம் கேளுங்கள்; அது அவருடையதாக இருக்காது, சங்கத்துடையதாகவோ கடைக்காரருடையதாகவோ இருக்கும். லேசர் மீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டேப்பும் தூக்குக்குண்டும் போதும். பழைய வீட்டில் எந்த மூலையும் சரியான செங்கோணத்தில் இருக்காது. நீள அகலத்தோடு மூலைவிட்டத்தையும் அளக்காவிட்டால் வீட்டுக்கு வந்து வரையும்போது சுவர் சேராது. வரைந்து முடித்ததும் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வங்கிக் கடனுக்கோ, மாடி எடுக்கவோ அவருக்கு அது பயன்படும்.

மாடல் செய்வதற்கு ஒரு யோசனை: ஓய்ந்துபோன ஜக்கார்டு அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணினி ஜக்கார்டு வந்த பிறகு பல வீடுகளில் அவை பரண்மேல் கிடக்கின்றன. கெட்டியான அட்டை, துளைகளின் இடைவெளி சீரானது. அளவு மாடலுக்கு நன்றாகவே பொருந்தும்.

நேரமும் மின்சாரமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேருபவர் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பாஸ்டனில் மாலை 6 மணி வகுப்பு என்றால், அவர்களுடைய கோடையில் நமக்கு அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. சான்ஃபிரான்சிஸ்கோவில் மாலை 6 மணி என்பது நமக்குக் காலை 6.30 அல்லது 7.30. வேலைக்குப் போகிறவருக்கு மேற்குக் கரைப் பல்கலைக்கழகம் எவ்வளவு வசதி என்று இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். ஆனால் வாரம் இரண்டு நாள் அதிகாலையில் எழுவதற்கும், ஜூரி வாரம் முழுவதும் எழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வீட்டில் கல்யாணம், காதுகுத்து எதுவும் அந்த வாரத்தில் வராதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னாலும் வரும்.

தறிச்சத்தம் பழகியவருக்குத் தெரியாது, மைக்கில் அது பெரிதாகக் கேட்கும். மாடியில் ஓர் அறை, ஹெட்போன், இன்வெர்ட்டரோடு சேர்த்து ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூ.பி.எஸ். ஆகியவை அவசியம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாட்களை மின்வாரியம் முன்னரே அறிவித்துவிடுகிறது. சமர்ப்பிக்கும் தேதியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மென்பொருளுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களைத் தகுதியுள்ள கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. கியூஜிஐஎஸ்ஸும் பிளெண்டரும் எல்லோருக்கும் இலவசம். மிச்சப்படுவதைக் கணினியில் போடுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. வெளிநாட்டுக் கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது, குறிப்பிட்ட வரம்புக்கு மேல் மூலத்தில் வரி பிடிப்பார்கள். கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் விதி வேறு. நீங்கள் சேருவது இணையவழிப் படிப்பு என்பதை வங்கியில் மறைக்காமல் சொல்லி, கடன் உண்டா என்பதை மட்டுமல்ல, எந்த விதியின் கீழ் என்பதையும் கேளுங்கள். பல கிளைகளில் இணையவழிப் பட்டம் என்றதும் தயங்குவார்கள்.

கேட் வழியில் போகிறவருக்கு நாள்காட்டி எளிது. விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில் நடக்கும், முடிவு மார்ச்சில் வரும், கலந்தாய்வு கோடையில். ஸ்வயம் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். ஜூலையில் இரண்டு பாடங்களுக்குப் பதிவு செய்யுங்கள். மழை தொடங்கும் முன், புரட்டாசிக்குள், இரண்டு தறி வீடுகளை அளந்து முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் தறி நிற்கும் நாட்களில் அதே வீடுகளுக்கு மறுபடி போய்க் குழியையும் கூரையையும் பாருங்கள். மார்கழியில் வரைபடங்களை முடித்து வைத்துவிட்டால், தை மாதம் கேட் தேர்வுக்கு மிஞ்சும்.